திட்டம் முடிந்தது, கல்வி தொடங்கியதா?

வீடு கட்டும் இடத்தில் சிறிது நேரம் நின்று பார்த்திருக்கிறீர்களா? கொத்தனார் சுவர் எழுப்பிக்கொண்டிருக்கும்போதே, தச்சர் தம் பட்டறையில் நிலையும் கதவும் செய்துகொண்டிருப்பார். கூரைக்குக் கான்கிரீட் போட்டபின், அது இறுகும்வரை முட்டுகளைப் பிரிக்க முடியாது. எத்தனை ஆள் வைத்தாலும் அந்த நாட்களைக் குறைக்க இயலாது. கதவு பத்து நாள் தாமதமானால் பெரும்பாலும் கேடில்லை. கூரை பத்து நாள் தாமதமானால் குடிபுகும் நாளே தள்ளிப்போகும். எது பிந்தினால் எல்லாம் பிந்தும், எது பிந்தினாலும் பாதகமில்லை என்பது அனுபவமுள்ள மேஸ்திரிக்கு மனக்கணக்கு.

இந்த மனக்கணக்கைத் தாளில் எழுதி, எண்களால் அளந்து, ஒரு முறையாக வகுத்ததே திட்ட மேலாண்மை எனப்படுகிறது. அணை, பாலம், தொழிற்சாலை, விண்கலம் ஆகியவற்றுக்குப் பயன்பட்ட இம்முறை இப்போது நம் கல்லூரிகளுக்குள்ளும் வந்திருக்கிறது. இணையவழிக் கற்றல் அமைப்பு ஒன்றை நிறுவ வேண்டுமா? ஒரு குழு, ஒரு கால அட்டவணை, கட்டம் கட்டமாக ஒரு படம், மாதந்தோறும் ஆய்வுக் கூட்டம் எனப் பணி தொடங்கிவிடுகிறது.

இணையவழிக் கற்றல் அமைப்பு என்றால் என்ன என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். பாடக் குறிப்புகள், ஒலி-ஒளிப் பாடங்கள், வினாத்தாள்கள், மாணவர் எழுதும் விடைகள், மதிப்பெண்கள் ஆகிய அனைத்தையும் ஓரிடத்தில் வைத்து, ஆசிரியரும் மாணவரும் கணினி வழியாகவோ கைபேசி வழியாகவோ அணுகச் செய்யும் மென்பொருளே அது. ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டூஜியாமஸ் என்பவர் உருவாக்கி 2002-இல் முதல் பதிப்பாக வெளியிட்ட மூடில் என்பது இவ்வகையில் உலகெங்கும் பரவியுள்ள ஒன்று. அதை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. எவரும் பயன்படுத்தலாம், மாற்றலாம்.

கட்டடம் கட்டும் முறையைக் கொண்டு கல்வியைக் கட்ட முடியுமா? எவ்வளவு தூரம் முடியும்? எந்த இடத்தில் முறை நம்மைக் கைவிடுகிறது? இவற்றையே இக்கட்டுரையில் ஆராய்வோம்.

முறை பிறந்த வரலாறு

வேலைகளைக் கிடைக்கோடுகளாக வரைந்து, எந்த வேலை எந்த நாளில் தொடங்கி எந்த நாளில் முடியும் என்று காட்டும் படத்தை அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி காண்ட் 1910-களில் பரப்பினார். அதனால் அது காண்ட் படம் எனப் பெயர் பெற்றது. அவருக்கு முன்பே, 1896-இல், போலந்து நாட்டவரான கரோல் அடமியெக்கி இதுபோன்ற ஒன்றை வகுத்திருந்தார்.

காண்ட் படத்தில் ஒரு குறை உண்டு. எந்த வேலை எப்போது என்று அது சொல்லும். எந்த வேலை எதைச் சார்ந்திருக்கிறது என்பதை எளிதில் சொல்லாது. இக்குறையை நீக்க, 1957-இல் டூபாண்ட் வேதிப்பொருள் நிறுவனத்தைச் சேர்ந்த மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் கெல்லியும் சேர்ந்து நெருக்கடிப் பாதை முறையை உருவாக்கினர். சி.பி.எம். என்ற சுருக்கப் பெயரால் பொறியியல் மாணவர்கள் அறிவது இதைத்தான். அடுத்த ஆண்டே, 1958-இல், அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்திற்காகப் பெர்ட் என்ற முறையை வகுத்தது. நிச்சயமற்ற வேலைகளின் கால அளவை மதிப்பிடுவதற்கு வழி சொன்னது அதன் சிறப்பு.

ஒரு கல்லூரிக்குக் கணக்குப் போடுவோம்

வரலாறு போதும், கணக்கிற்கு வருவோம். தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கல்லூரி இணையவழிக் கற்றல் அமைப்பைத் தொடங்குவதாகக் கொள்வோம். எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்டவை.

முதலில் தேவையை அறிதல்: 3 வாரம். அது முடிந்தபின் இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் தொடங்கலாம். ஒரு பக்கம் கணினியும் மென்பொருளும் நிறுவுதல்: 4 வாரம். அதைத் தொடர்ந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி: 3 வாரம். மறு பக்கம் பாடங்களை எழுதித் தயாரித்தல்: 10 வாரம். இரு பக்கமும் முடிந்தபின் பாடங்களை அமைப்பில் ஏற்றுதல்: 2 வாரம். பிறகு ஒரு வகுப்பில் வெள்ளோட்டம்: 4 வாரம். வெள்ளோட்டத்தில் கண்ட குறைகளைத் திருத்துதல்: 2 வாரம்.

இப்போது இரு பாதைகளையும் கூட்டுங்கள். கணினிப் பாதை 3, 4, 3, 2, 4, 2. ஆக 18 வாரம். பாடம் எழுதும் பாதை 3, 10, 2, 4, 2; ஆக 21 வாரம். நீண்ட பாதை எதுவோ அதுவே நெருக்கடிப் பாதை. திட்டம் முடிய 21 வாரம் ஆகும்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? கணினி வாங்குவது மூன்று வாரம் தாமதமானாலும் திட்டம் தாமதமாகாது. பாடம் எழுதுவது ஒரு வாரம் தாமதமானால் எல்லாமே ஒரு வாரம் தாமதமாகும். ஆனால் நடைமுறையில் நாம் காண்பது என்ன? எந்தக் கணினி, எந்த மென்பொருள், எந்த நிறுவனம், என்ன விலை என்பதிலேயே கூட்டங்கள் கழிகின்றன. பாடம் எழுதுவது "ஆசிரியர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்ற ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. நெருக்கடிப் பாதையில் நிற்பவர் ஆசிரியர். கவனம் முழுவதும் நெருக்கடி இல்லாத பாதையில்!

இன்னும் ஒரு படி செல்வோம். பாடம் எழுத 10 வாரம் என்றோமே, அது உறுதியா? பெர்ட் முறை மூன்று மதிப்பீடுகளைக் கேட்கும்: எல்லாம் நன்றாக நடந்தால் எவ்வளவு, வழக்கமாக எவ்வளவு, எல்லாம் கெட்டால் எவ்வளவு என்று. நன்றாக நடந்தால் 8 வாரம். வழக்கமாக 10 வாரம். பருவத் தேர்வும் விடைத்தாள் திருத்தமும் குறுக்கிட்டால் 24 வாரம் என வைத்துக்கொள்வோம். வழக்கமான மதிப்பை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். 8 + 40 + 24 = 72; ஆறால் வகுத்தால் 12 வாரம். எதிர்பார்க்கத்தக்க காலம் 10 அல்ல, 12. ஆக, திட்டம் முடிய 21 வாரமல்ல, 23 வாரம். பெருமத்துக்கும் சிறுமத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஆறால் வகுத்தால் கிடைக்கும் திட்ட விலக்கம் சுமார் 2.7 வாரம். அதாவது 23 என்பதும் இரண்டு மூன்று வாரம் முன்பின்னாகக்கூடிய மதிப்பீடே.

ஆய்வகத்தில் ஓர் அளவீட்டைப் பிழை வரம்பின்றி எழுதினால் நாம் மாணவரைக் கண்டிக்கிறோம். கால அட்டவணையில் மட்டும் "ஜூலை 1 அன்று தொடங்கும்" என்று பிழை வரம்பே இல்லாமல் எழுதி, முதல்வர் அறையில் மாட்டிவிடுகிறோம். இதற்கு முறையைக் குறை கூறுவதில் பயனில்லை. முறையை அரைகுறையாகப் பயன்படுத்தும் நம்மையே குறை கூற வேண்டும்.

போலாரிஸ் கற்பிக்கும் வேறொரு பாடம்

போலாரிஸ் ஏவுகணை 1960 ஜூலை 20 அன்று நீரில் மூழ்கிய கப்பலிலிருந்து வெற்றியுடன் ஏவப்பட்டது. பெர்ட் முறையின் புகழும் உடன் பறந்தது. பல துறைகளும் அதைப் பின்பற்ற முன்வந்தன.

ஆனால் அத்திட்டத்தை விரிவாக ஆராய்ந்த ஹார்வி சபோல்ஸ்கி என்ற அறிஞர் 1972-இல் வெளியிட்ட நூலில் வேறொரு முடிவைக் கூறினார். போலாரிஸ் வெற்றி பெற்றது உண்மை; ஆனால் அந்த வெற்றியில் பெர்ட் போன்ற முறைகளின் நேரடிப் பங்கு மிகச் சிறிது என்பது அவர் கருத்து. அந்தப் படங்கள் வேறொரு விதத்தில் உதவின. "இங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கிறது" என்ற நம்பிக்கையை மேலிடத்தில் உண்டாக்கின. அதனால் வெளியார் தலையீடின்றி விஞ்ஞானிகளும் பொறியாளர்களும் தம் வேலையைச் செய்ய முடிந்தது.

இதைப் படித்தபோது எனக்கு நம் மாணவர்களின் ரெக்கார்டு நோட்டு நினைவுக்கு வந்தது. ஆய்வகத்தில் அளவீடுகளைக் கிறுக்கலாகக் குறித்துக்கொள்ளும் நோட்டு ஒன்று. அழகாகப் படம் வரைந்து, கோடு போட்டு, மை சிந்தாமல் எழுதிக் கையெழுத்து வாங்கும் ரெக்கார்டு நோட்டு மற்றொன்று. முதல் நோட்டு இல்லாமலே இரண்டாவதை எழுதிவிடும் மாணவர்களும் உண்டு என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவோம். திட்டப் படங்களும் பல வேளைகளில் ரெக்கார்டு நோட்டாகவே இருக்கின்றன.

ஆயினும் போலாரிசுக்கு ஒரு பாதுகாப்பு இருந்தது. ஏவுகணை பறக்க வேண்டும். பறக்காவிட்டால் எந்தப் படமும் அதை மறைக்க முடியாது. பாலத்தின் மேல் வண்டி செல்ல வேண்டும். அணையில் நீர் நிற்க வேண்டும். வேலை முடிந்ததா என்பதை இயற்கையே சோதித்துச் சொல்லிவிடும். இணையவழிக் கற்றல் அமைப்புக்கு இத்தகைய சோதனை எது? சிக்கல் இங்கேதான் இருக்கிறது.

பிரிட்டனில் நடந்தது

2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில், பிரிட்டனின் கல்வி அமைச்சராக இருந்த டேவிட் பிளங்கெட், இணையவழிப் பல்கலைக்கழகம் ஒன்றை நிறுவப்போவதாக அறிவித்தார். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களின் படிப்புகளை இணைய வழியாக உலக மாணவர்களுக்கு வழங்குவது நோக்கம். 6 கோடியே 20 லட்சம் பவுன் அரசுப் பணம் ஒதுக்கப்பட்டது. பணமும் இருந்தது, பெரிய கணினி நிறுவனமான சன் மைக்ரோசிஸ்டம்ஸின் ஒத்துழைப்பும் இருந்தது. கற்பிப்பதற்கான மென்பொருள் மேடை ஒன்று புதிதாகவே உருவாக்கப்பட்டது.

2003-இல் வகுப்புகள் தொடங்கின. எதிர்பார்த்த மாணவர் 5,600 பேர். சேர்ந்தவர் சுமார் 900 பேர். 2004-இல் திட்டம் மூடப்பட்டது. அதற்குள் சுமார் 5 கோடி பவுன் செலவாகிவிட்டது. அதைத் 900-ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு மாணவருக்கு 55,000 பவுனுக்கு மேல் வருகிறது!

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கல்விக் குழு இதை விசாரித்து 2005 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. மாணவருக்கு எது தேவை என்று முறையாக ஆராயவில்லை. தம்மிடம் இருப்பதை விற்க முயன்றனர். கற்பவரைவிட மென்பொருள் மேடையே எல்லோருடைய கவனத்தையும் பிடித்துக்கொண்டது என்பவை அக்குழு சுட்டிய முக்கியக் குறைகள்.

மென்பொருள் செய்து முடிக்கப்பட்டது, படிப்புகள் தொடங்கப்பட்டன, விளம்பரமும் செய்யப்பட்டது. வேலைப் பட்டியலில் இவையெல்லாம் "முடிந்தவை" என்றே குறிக்கப்பட்டிருக்கும். வரவேண்டிய மாணவர்தான் வரவில்லை. மாணவர் வருவதும் கற்பதும் எவரும் செய்து முடிக்கும் வேலை அல்ல. ஆகவே, வேலைகளை மட்டும் வரிசைப்படுத்தும் பட்டியலில் அவற்றுக்கு இடம் கிடைப்பதில்லை.

இதே பிரிட்டனில் இதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். 1969-இல் நிறுவப்பட்ட திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971 ஜனவரியில் கற்பிக்கத் தொடங்கியபோது, முதல் ஆண்டிலேயே 20,000-க்கும் மேற்பட்ட மாணவர் சேர்ந்தனர். அங்கும் கால நெருக்கடி இருந்தது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலிபரப்பு நாள் குறித்தாகிவிட்டால் தள்ளிவைக்க முடியாது. ஆனால் அவர்கள் பாடத்தை நெருக்கடிப் பாதையில் வைத்தார்கள். பாட ஆசிரியர்களும், பி.பி.சி. தயாரிப்பாளர்களும், கல்வி முறை வல்லுநர்களும் ஒரே குழுவாக அமர்ந்து, ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தினர். தொலைவிலிருந்த மாணவருக்கு உதவ வட்டார ஆசிரியர்கள் இருந்தனர். அறிவியல் மாணவருக்குச் சிறிய நுண்ணோக்கி உள்ளிட்ட ஆய்வுக் கருவிப் பெட்டி வீட்டுக்கே சென்றது. பல ஆண்டுகளுக்குப் பின், 2005-இல், அதே பல்கலைக்கழகம் தன் இணையவழிக் கற்பித்தலுக்கு மூடிலைத் தேர்ந்தெடுத்தது. புதிய மேடை ஒன்றை முதலிலிருந்து கட்ட முனையவில்லை.

நம் நாட்டிலும் நல்ல முன்மாதிரி உண்டு. 1975 ஆகஸ்டு 1 முதல் 1976 ஜூலை 31 வரை, அமெரிக்காவிடமிருந்து ஓராண்டுக்குக் கிடைத்த ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோள் வழியாக, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குக் கல்வி ஒளிபரப்பு நடைபெற்றது. சைட் எனப்பட்ட இச்சோதனையில் தமிழ்நாடு இடம்பெறவில்லை. செயற்கைக்கோள் ஓராண்டுதான் கிடைக்கும். ஒரு நாள்கூடத் தள்ளிவைக்க முடியாது. அவ்வளவு நெருக்கடியிலும், தொலைக்காட்சிப் பெட்டி பழுதானால் செப்பனிட ஏற்பாடு செய்தார்கள். கிராமங்களிலேயே தங்கி, மக்கள் பார்த்தார்களா, புரிந்துகொண்டார்களா என்று கண்டறிய ஆய்வாளர்களையும் அனுப்பினார்கள். திட்டத்திற்குள்ளேயே அளவுகோலும் இருந்தது.

என் வகுப்பில் நடந்தது

பிறரைக் குறை கூறுவது எளிது. என் கதையையும் கூறிவிடுகிறேன்.

2020 மார்ச்சில் கல்லூரிகள் மூடப்பட்டபோது எந்தத் திட்டமும் எவரிடமும் இல்லை. வாட்ஸப் குழுவில் குறிப்புகளைப் படம் பிடித்து அனுப்பினோம். எது எங்கே போனது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. திட்டமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அப்போது கண்டேன். ஆகவே, கல்லூரி மீண்டும் திறந்தபின், முறையான கற்றல் அமைப்பு வேண்டும் என்று குழு அமைத்தபோது நானும் மகிழ்ச்சியுடன் சேர்ந்தேன்.

சுவரில் பெரிய காண்ட் படம் ஒட்டினோம். முடிந்த வேலைக்குப் பச்சை, தாமதமான வேலைக்குச் சிவப்பு. "ஒளியியல் பாடம் ஏற்றுதல்" என்ற கட்டம் என் பெயரில் இருந்தது. கடைசி நாள் இரவு பதினொரு மணிக்கு, பல ஆண்டுகளாக வைத்திருந்த என் கையெழுத்துக் குறிப்புகளை வருடிப் படமாக்கி, நாற்பது பக்கப் பி.டி.எஃப். கோப்பாக ஏற்றினேன். மறுநாள் கூட்டத்தில் என் கட்டம் பச்சையானது. பாராட்டும் கிடைத்தது.

இரண்டு வாரம் கழித்து வகுப்பில், நியூட்டன் வளையங்களின் மையம் எதிரொளித்த ஒளியில் ஏன் கருமையாக இருக்கிறது என்று கேட்டேன். லென்சும் கண்ணாடித் தட்டும் தொடும் இடத்தில் காற்றுப் படலத்தின் தடிமன் சுழி. எனினும் ஒரு கதிர் கண்ணாடிப் பரப்பில் எதிரொளிக்கும்போது அரை அலைநீளம் பிந்துவதால் இரு கதிர்களும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. என் குறிப்பில் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்த விடை இது. வகுப்பில் ஒருவரும் சொல்லவில்லை.

வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவர் தயங்கித் தயங்கி வந்தார். "சார், அந்த பைல் என் போன்ல திறக்கவே மாட்டேங்குது. அண்ணன் வேலைக்குப் போய்ட்டு வந்தாத்தான் போனே கைக்கு வரும் சார்" என்றார். மற்றொருவர் சொன்னது இன்னும் உறைத்தது: "திறந்தேன் சார். எல்லாத் தலைப்பும் இங்கிலீஷ்ல இருக்கு. எதை அமுக்கினா எது வரும்னு தெரியல." தமிழ் வழியில் படித்துத் தமிழில் தேர்வெழுதும் மாணவர்களுக்கு ஆங்கிலத் திரையைக் கொடுத்திருந்தோம். தமிழ்த் திரை வைத்துக்கொள்ள மென்பொருளில் வசதி இருந்தது. அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற வேலை எங்கள் படத்தில் எந்தக் கட்டத்திலும் எழுதப்படவில்லை. ஆதலால் அதை எவரும் செய்யவில்லை. செய்யவில்லை என்பதும் எவருக்கும் தெரியவில்லை.

அடுப்பு எரிந்த நேரத்தைக் குறித்துவிட்டு, "தண்ணீர் கொதித்தது" என்று எழுதுவது போன்றது நாங்கள் செய்தது. வெப்பமானியை நீரில் வைத்துப் பார்க்கவே இல்லை.

குறைகள் எங்கே?

நாம் கண்டவற்றிலிருந்து மூன்று குறைகளைப் பிரித்துக் காட்டலாம்.

முதலாவது, "முடிந்தது" என்ற சொல்லின் பொருள். ஏற்றுவது, நிறுவுவது, பயிற்சி அளிப்பது எல்லாம் நாம் செய்யும் செயல்கள். கற்பது மாணவரிடம் நிகழும் மாற்றம். முதல் வகையை எண்ணுவது எளிது. ஆகவே அதையே எண்ணி, இரண்டாவதும் நிகழ்ந்துவிட்டதாகக் கொள்கிறோம்.

இரண்டாவது, வெள்ளோட்டத்தின் இடம். மேலே நாம் போட்ட கணக்கில் வெள்ளோட்டமும் திருத்தமும் கடைசியில் இருந்தன. முன்னுள்ள வேலைகள் தாமதமாகி, தொடங்கும் நாள் மட்டும் மாறாமல் இருந்தால், எது வெட்டுப்படும்? கடைசியில் இருப்பதுதான். ஆறு வாரம் என்று எழுதிய வெள்ளோட்டமும் திருத்தமும் ஒரு வாரச் சடங்காகச் சுருங்கிவிடும். மேலும் நெருக்கடிப் பாதை முறையில் அம்புகள் முன்னோக்கியே செல்லும். பின்னோக்கித் திரும்பும் அம்புக்கு அங்கே இடமில்லை. கற்பித்தலோ திரும்பத் திரும்பச் செய்து திருத்தும் வேலை. மாணவர் விடையைப் பார்த்துப் பாடத்தை மாற்றுவதே ஆசிரியத் தொழில்.

மூன்றாவது, முடிவு நாள். திட்டம் என்றாலே அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. பாலம் கட்டும் குழு கலைந்தபின் பாலம் நிற்கும். கற்றல் அமைப்போ ஒவ்வொரு பருவமும் புதிய பாடம், புதிய மாணவர், மறந்துபோன கடவுச்சொல் எனத் தொடர்ந்து ஆள் தேவைப்படும் ஒன்று. திட்டம் முடிந்ததாக அறிவித்துக் குழு கலைந்ததும், அமைப்பு அனாதையாகிவிடுகிறது. ஆசிரியரின் நேரத்துக்குத் திட்டச் செலவில் விலை போடாததும் இதனோடு சேர்ந்த குறையே. என் ஒளியியல் பாடம் இரவு பதினொரு மணிக்கு ஏறியதற்கு என் சோம்பல் ஒரு காரணம்; பாட வேளைகள் ஒன்றுகூடக் குறைக்கப்படாதது மற்றொரு காரணம்.

தொழில்நுட்பம் வளர்ந்த இடங்களிலும் இதே கதைதான். அமெரிக்காவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம் 2013 ஜனவரியில் உடாசிட்டி நிறுவனத்துடன் சேர்ந்து இணையவழிப் பாடங்களைப் பெரும் விளம்பரத்துடன் அறிவித்தது. தேர்ச்சி பெற்றவர் மிகக் குறைவாக இருந்ததால் அதே ஆண்டு ஜூலையில் நிறுத்திவைத்தது. ஆனால் ஒன்றைப் பாராட்ட வேண்டும். அவர்கள் தேர்ச்சியை அளந்தார்கள்; அதனால்தான் ஆறு மாதத்தில் நிறுத்த முடிந்தது.

என்ன செய்யலாம்?

அப்படியானால் திட்ட மேலாண்மையே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். 2020-இல் திட்டமின்றித் தவித்தவன் நான். பல வேலைகள், பல ஆட்கள், குறைந்த காலம் என்ற நிலையில் இம்முறை போன்ற துணை வேறில்லை. ஆனால் அதைக் கல்விக்கு ஏற்றபடி வளைக்க வேண்டும்.

கட்டத்தில் எழுதும் சொற்களை மாற்றுவது முதல் வேலை. "ஒளியியல் பாடம் ஏற்றப்பட்டது" என்று எழுதாமல், "பத்து மாணவர் தம் சொந்தக் கைபேசியில் திறந்து, மூன்று வினாக்களுக்கு விடை எழுதினர்" என்று எழுதலாம். இதையும் எண்ண முடியும்; பச்சை வண்ணம் தீட்ட முடியும். ஆனால் பொய்யாகத் தீட்டுவது கடினம்.

வெள்ளோட்டத்தைக் கடைசியிலிருந்து முதலுக்குக் கொண்டுவருவது அடுத்த வேலை. ஒரு பாடத்தின் ஒரே ஓர் அலகு, ஒரு வகுப்பு, இரண்டு வாரம் போதும். கணினி வாங்குமுன்பே, இலவசமாகக் கிடைக்கும் வசதிகளைக் கொண்டே இதைச் செய்துவிடலாம். ஆங்கிலத் திரை, திறக்காத கோப்பு, அண்ணனின் கைபேசி ஆகிய மூன்றும் அந்த இரண்டு வாரத்திலேயே தெரிந்திருக்கும்.

பாடம் எழுதும் ஆசிரியருக்கு வாரத்தில் சில பாட வேளைகளைக் குறைக்க வேண்டும். திட்டம் முடிந்தபின் யார் பொறுப்பு, எந்தத் தலைப்பில் பணம் என்பதைத் திட்டம் தொடங்கும் நாளிலேயே எழுதி வைக்க வேண்டும். எந்த நிலை வந்தால் திட்டத்தை நிறுத்துவோம் என்பதையும் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். செலவு செய்தபின் நிறுத்த மனம் வராது.

மாணவர்களாகிய உங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஏற்றியிருக்கும் பாடம் திறக்கவில்லை என்றாலும், புரியவில்லை என்றாலும் ஆசிரியரிடம் சொல்லுங்கள். தயங்கித் தயங்கி என்னிடம் வந்த அந்த இருவரும் சொன்னது, எங்கள் ஆய்வுக் கூட்டங்கள் அனைத்தும் சேர்ந்து சொன்னதைவிட அதிகம்.

அதன்பின் ஒளியியல் குறிப்புகளைத் துண்டு துண்டாகப் பிரித்தேன். ஒவ்வொரு துண்டும் இரண்டு பக்கம், ஒரு படம், தமிழில் பேசிய ஐந்து நிமிட ஒலிப்பதிவு, மூன்று வினா. முதலில் ஐந்து மாணவருக்கு மட்டும் கொடுத்தேன். என் படத்தில் கதிர் எந்தப் பரப்பில் எதிரொளிக்கிறது என்பதே தெளிவாக இல்லை என்று அவர்கள் காட்டினார்கள். ஆண்டுக்கணக்காகக் கரும்பலகையில் நான் வரைந்துவரும் அதே படம்! திருத்தி வரைந்தேன். அடுத்த முறை கேட்டபோது வகுப்பில் பாதிப் பேர் விடை சொன்னார்கள். மறுபாதிக்கு இன்னும் வழி தேடிக்கொண்டிருக்கிறேன்.

சுவரிலுள்ள படத்தில் என் கட்டத்தைப் பச்சையிலிருந்து மீண்டும் மஞ்சளாக மாற்றும்படி குழுவிடம் கேட்டுக்கொண்டேன். முடிந்த வேலையை முடியாததாகக் காட்டுவானேன் என்று முதலில் மறுத்தார்கள், பிறகு ஒப்புக்கொண்டார்கள். இப்போதும் அது மஞ்சளாகவே இருக்கிறது.